தகரம் தட்டாத அறை

ஓட்டை அக்காவுக்கு வேலை ஓட்டை கண்டுபிடிப்பது. இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. இதற்கெல்லாம் ஓர் ஆளா என்று கேட்பார்கள். அக்கா பதில் சொல்ல மாட்டாள். கேட்டவர் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்து, வலது பக்க மேல் மூலையில் ரப்பர் விலகியிருக்கிறது, அதனால்தான் உங்கள் திரைச்சீலை அந்த இடத்தில் மட்டும் கறுத்துக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பாள். அந்த வீட்டில் அவளுக்கு இரண்டாவது டீ கிடைத்ததில்லை.

பத்தாம் வகுப்பை அவள் இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கணக்குப் பாடம் அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. மூன்றாவது தடவை தள்ளுவதற்குள் அவளே ஒரு ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடையில் கதவு ரப்பர் மாற்றப் போய்விட்டாள். புது ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். பிறகு இழுக்க வேண்டும். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் ஓடிப்போகிறது. வர மாட்டேன் என்று அடம் பிடித்தால் ரப்பர் நல்லது. கடைக்காரர் பக்கத்துக்கு ஒரு தடவை என்று நாலு தடவை இழுத்துவிட்டு ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றச் சொல்வார். அக்கா விரல்கடைக்கு ஒரு தடவை இழுப்பாள். ஃபிரிட்ஜை எடுத்துப்போக வந்தவர்கள் நின்று நின்று கால் வலித்து, அந்த ஃபிரிட்ஜ் மேலேயே சாய்ந்துகொள்வார்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து குளிர்பதனக் கிடங்கு. கிடங்கிலிருந்து, மந்த வாயு வைத்துத் தீயணைக்கும் கம்பெனி. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. கதவுகள் பெரிதாகிக்கொண்டே போயின. அக்காவின் பிடிவாதமும் கூடவே வளர்ந்தது.

மந்த வாயு என்றதும் ஏதோ விஷம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நாம் தினமும் மூக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் காற்றில் முக்கால்வாசி அதுதான். நைட்ரஜன், கூடவே கொஞ்சம் ஆர்கான். எதோடும் ஒட்டாது, எதோடும் சண்டைக்குப் போகாது. கம்ப்யூட்டர்கள் நிறைந்த அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது. ஊற்றினால் தீயும் போகும், கம்ப்யூட்டரும் போகும். அதற்குப் பதிலாக இந்த வாயுவைச் சிலிண்டர்களில் இறுக்கி அடைத்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். தீ என்று மணி அடித்ததும் அத்தனையும் ஒரே நிமிஷத்தில் அறைக்குள் பாயும். காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு இருக்கும் ஆக்சிஜன் பதின்மூன்றுக்கு இறங்கிவிடும். தீக்கு அது போதாது, பட்டினியில் செத்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட மனிதனுக்கு அது தட்டுத்தடுமாறிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரப் போதும். எல்லாம் முடிந்தபின் துடைக்க ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது.

ஒரு நிபந்தனை உண்டு. வாயு குறைந்தது பத்து நிமிஷம் அறைக்குள்ளேயே தங்க வேண்டும். அதற்கு முன்னால் கசிந்துபோனால், கேபிள் கட்டுக்குள் கனன்றுகொண்டிருப்பது மறுபடி எழுந்துகொள்ளும். அதனால்தான் அறையில் ஓட்டை இருக்கக் கூடாது. அதனால்தான் அக்கா.

இப்போது அவள் மல்லுக்கு நின்றது அவசர ஆம்புலன்ஸ் அழைப்பு நிலையத்தோடு. இரண்டு வாரம் முன்னால்தான் புதுக் கட்டடத்துக்கு அவசரம் அவசரமாக மாறி வந்திருந்தார்கள். மூன்றாவது மாடியில் ஒரு கூடம். அதில் பன்னிரண்டு பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஊரில் யார் விழுந்தாலும் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் முதல் குரலாகப் பேசுவார்கள். கூடத்தை ஒட்டி, அந்த அழைப்புகளையெல்லாம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் அறை. இரண்டுக்கும் நடுவே ஜிப்சம் பலகையால் எழுப்பிய சுவர். விரலால் தட்டினால் தகரடப்பா மாதிரி பதில் சொல்லும்.

அந்தச் சுவரில் முதுகு உரசுகிற மாதிரி கிடந்த நாலாம் நம்பர் நாற்காலி அக்காவின் தங்கைக்கு உரியது. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே பாத்ரூம், ஒரே சீப்பு, ஒரே மூக்கு. கோபம்தான் வேறு வேறு. அக்கா கத்திவிட்டு மறந்துவிடுவாள். தங்கை கத்தவே மாட்டாள், மறக்கவும் மாட்டாள். என் அக்காதான் டெஸ்ட் பண்ண வருகிறாள் என்று வேலை செய்யும் இடத்தில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள், பாவம். அக்கா வந்து மூன்று தடவை அறையை ஃபெயில் ஆக்கினாள்.

டெஸ்ட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வாசல் நிலையில் துணிச் சட்டம் ஒன்றை இறுக்கி, அதன் நடுவே பெரிய விசிறியைப் பொருத்தி அறைக்குள் காற்றைத் தள்ளுவாள். பிறகு திருப்பி இழுப்பாள். எவ்வளவு காற்று தப்பிப் போகிறது என்று கருவி காட்டும். வாயு எத்தனை நிமிஷம் தங்கும் என்று அதிலிருந்து தெரிந்துவிடும். முதல் தடவை மூன்று நிமிஷம். இரண்டாவது தடவை ஐந்து. மூன்றாவது தடவை எட்டு. எட்டு, பத்து மாதிரிதானே என்று நிலையத் தலைவர் கேட்டார். அவரை எல்லோரும் கடிகாரம் என்பார்கள். பேச்சின் நடுவே மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்காமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. எட்டு எட்டுதான் சார் என்று அக்கா சொன்னாள். எங்கள் கட்டடத்தில் சுவர் என்று ஒன்று இருக்கிறதா, அதையாவது சொல்லிவிட்டுப் போம்மா என்று கடிகாரம் கேட்டபோது கூடத்தில் பலர் சிரித்தார்கள். தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் சொன்னது ஒன்றுதான்.

"நீ ஒரு இடத்துக்குப் போனா அங்க ஒரு குறை இருந்தே ஆகணும், இல்லக்கா? இல்லன்னா உனக்குத் தூக்கம் வராது."

அக்காவுக்கு அன்று தூக்கம் நன்றாகவே வந்தது.

உண்மையில் தூக்கம் கெட்டது பூச்சுக்காரருக்கு. அந்தக் கட்டடத்தில் இடிவதையும் உடைவதையும் சரிசெய்பவர் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். பேசச் சொன்னால் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று தடவை ஃபெயில் ஆனதைத் தன் மூஞ்சியில் எழுதி ஒட்டியதாகவே அவர் எடுத்துக்கொண்டார். அக்கா ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுத்த ஓட்டைப் பட்டியலைச் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தார். ஒரு குச்சியில் நூல் கட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். நூல் எங்கே அசைந்ததோ அங்கே பூச்சு. தரைக்கு அடியில் படுத்துப் பூசினார். கூரைப் பலகைக்கு மேல் தவழ்ந்து பூசினார். கேபிள் நுழையும் இடங்களில் தீக்குத் தாங்கும் பசையைப் பல்லிடுக்கில் குச்சி விடுகிற பொறுமையோடு நிரப்பினார்.

சனிக்கிழமை நாலாவது டெஸ்ட். விசிறி ஓடியது. திரையில் நாற்பத்தாறு நிமிஷம் என்று வந்தது.

அக்கா கருவியை அணைத்து மறுபடி போட்டாள். நாற்பத்தாறேதான். பூச்சுக்காரர் எட்டிப் பார்த்து, அந்த எண்ணை வாய்விட்டு ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு தன் போனில் அந்தத் திரையை ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு அறைய நான் பாத்ததே இல்ல" என்றாள் அக்கா.

அவர் கரண்டியைச் சட்டையில் துடைத்தார். கரண்டி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அக்கா பாஸ் என்று எழுதி, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள். கடிகாரம் உடனே திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நேரம் குறித்தார். மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் நிஜ வாயுவைத் திறந்து காட்டி அறையை ஒப்படைப்பது. அழைப்புகள் நிற்கக் கூடாது, அதனால் கூடத்தில் இருப்பவர்கள் எழுந்திருக்க வேண்டாம். தங்கை அன்று அக்காவோடு ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தும் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று அடித்தது. அக்கா அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பொங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் வெளிப்பக்கத்துத் தகரத் தடுப்புகள் காற்றில் சடசடவென்று அடித்துக்கொண்டன. தினமும் அடிப்பதுதான். பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்தது. அக்கா அப்படியே நின்றாள்.

அந்த அறையில் சத்தம் வரவில்லை.

வாயு அறைகள் எல்லாவற்றிலும் சுவரின் உச்சியில் டேம்பர் என்று ஒன்று இருக்கும். ஒரு சின்ன ஜன்னல். அதில் தகரத் தடுப்புகள் தானாகச் சாத்திக்கொண்டு கிடக்கும். சிலிண்டர்கள் திறந்து ஒரே நிமிஷத்தில் அறையின் கொள்ளளவில் கிட்டத்தட்ட பாதி வாயு உள்ளே பாயும்போது, முன்பு உள்ளே இருந்த காற்று எங்கேயாவது போயாக வேண்டும். அழுத்தம் ஏறியதும் தகரத் தடுப்புகள் திறந்து அதை வெளியே விடும். இறங்கியதும் மூடிக்கொண்டு வாயுவை உள்ளே பிடித்துவைக்கும். டேம்பர் இல்லாவிட்டால் இருக்கிற சுவர்களில் எது நோஞ்சானோ அது வழி விடும். அக்கா விசிறி போட்ட ஒவ்வொரு அறையிலும் அந்தத் தகரங்கள் லேசாகத் தட்டும். முதல் மூன்று தடவையும் இந்த அறையில் தட்டின. அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிப்போய், இருப்பதே தெரியாமல் ஆகிவிட்டது. அதனால்தான் இல்லாமல் போனதும் தெரியவில்லை. சனிக்கிழமை அறை கல்லு மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவள் பாராட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

டேம்பரை யாரோ அடைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பத்தரைக்கு வாயுவைத் திறந்தால் வழி விடப்போவது ஜிப்சம் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நாலாம் நம்பர் நாற்காலி.

அக்கா கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டாள். பாஸ் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு மறுநாள் பாஸ் இல்லை என்றால் கம்பெனியைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அவர் கேட்டார். சத்தம் வரவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா என்றும் கேட்டார். கடிகாரம் போனை எடுக்கவில்லை. செய்தி அனுப்பியதற்கு, இன்று விடுமுறை, கையெழுத்து தங்களுடையது என்று பதில் வந்தது. பூச்சுக்காரரின் நம்பர் அவளிடம் இல்லை.

தங்கையிடம் சொன்னாள். நாளைக்கு லீவு போடு என்றாள். தங்கை தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஓட்டை இருக்குன்னு மூணு தடவை ஃபெயில் ஆக்கின. இப்ப ஓட்டை இல்லன்னு ஃபெயில் ஆக்குற. ஒரு பாஸைக்கூட உன்னால பொறுத்துக்க முடியல பாரு."

"சுவர் உன் மேல விழும்டி."

"நேத்து அதே சுவரத்தான் உலகத்துலயே நல்ல சுவருன்ன. நான் போகலன்னா என் நாற்காலில இன்னொருத்தி உக்காரணும். அவ மேல விழலாமா?"

அக்கா பால் வழிந்த அடுப்பைத் துடைக்கப் போனாள்.

திங்கட்கிழமை தங்கை முதலில் கிளம்பினாள். அக்காவின் நுழைவுச் சீட்டு சனிக்கிழமையோடு முடிந்திருந்தது. வாசல் காவல்காரர் கண்டிப்பானவர். ஆகவே அக்கா காலையிலேயே, தங்கை தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவள் பையிலிருந்து திரையைப் பார்க்கப் போட்டுக்கொள்ளும் கண்ணாடியை எடுத்துத் தன் ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்தாள். பத்து மணிக்குக் காவல்காரர் முன்னால் போய் நின்று, என் தங்கச்சி கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டா, எழுத்து தெரியாம ஆம்புலன்ஸத் தப்பான தெருவுக்கு அனுப்பிட்டா யார் பொறுப்பு என்று கேட்டாள். காவல்காரர் லிஃப்ட் கதவையே பிடித்துக்கொண்டு நின்றார்.

கூடத்தில் மேலிடத்து ஆட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். காதில் வைத்துக்கொள்ள ஆளுக்கு இரண்டு பஞ்சு கொடுத்திருந்தார்கள். அவர்கள் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். தங்கை திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு யாருக்கோ, ரத்தம் வரும் இடத்தில் துணியை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணாடியை நீட்டினாள். தங்கை வாங்கி மாட்டிக்கொண்டு, அது எப்படி அக்கா கைக்குப் போனது என்று ஒரு நொடியில் புரிந்துகொண்டு, பேச்சை விடாமலே அக்காவின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அக்கா தொடையைத் தேய்த்துக்கொண்டே கடிகாரத்திடம் போனாள். டேம்பர் அடைபட்டிருக்கிறது, திறக்காமல் வாயுவை விடக் கூடாது என்று சொன்னாள். கடிகாரம் ஃபைலைத் திறந்து அவள் முன்னால் பிடித்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார். தப்பாப் போட்டுட்டேன்."

மேலிடத்து ஆட்களில் ஒருவர் சிரித்தே விட்டார். கடிகாரம் பொறுமையாக விளக்கினார். கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அந்த அறைக்குள் சுவரைக் கொத்தித் தூசி கிளப்ப யாரையும் விட முடியாது. உள்ளே கொத்த வேண்டாம், வராந்தா பக்கத்திலிருந்து டேம்பரின் கிரில்லைக் கழற்றினால் போதும் என்றாள் அக்கா. வராந்தாவிலிருந்து தானே பார்த்துவிட்டதாகவும் கிரில் அழகாக இருப்பதாகவும் கடிகாரம் சொன்னார். மணிக்கட்டைத் திருப்பினார். பத்து இருபது.

சத்தம் போட்டால் தூக்கி வெளியே விட்டுவிடுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அவள் சத்தம் போடவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலி ஒன்றைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், நாலாம் நம்பருக்குப் பக்கத்தில் போட்டு, முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"சரி சார். திறங்க. ஆனா நீங்களும் ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்து எங்க பக்கத்துல உக்காருங்க. இப்படிச் சாஞ்சு."

தான் வாயுவைத் திறக்கும் பேனல் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார் கடிகாரம்.

"பொத்தான் அமுக்க ஒரு விரல் போதும். யாராவது அமுக்குவாங்க. நாற்பத்தாறு நிமிஷம்னு சனிக்கிழமை எல்லாரும் கை குடுத்துக்கிட்டோமே, அந்த அறை மேல நம்பிக்கை இருக்கில்ல? வந்து உக்காருங்க. ஐயா, நீங்களும்தான்."

கடைசி வார்த்தை மேலிடத்து ஆட்களுக்கு. யாரும் நாற்காலி எடுக்கவில்லை. அவர்களில் சிரித்தவர் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். சும்மா நகர்ந்த மாதிரிதான் நகர்ந்தார். கூடத்தில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவர் மறுபடி ஓர் அடி தள்ளிப் போனார்.

பூச்சுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ஒப்படைக்கும்போது அவரையும் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவர் நேராக அக்காவிடம் வந்து, மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, கிழக்குச் சுவர் மேல இருந்த அந்தத் தகரம்... அது ஓட்டை இல்லையா?"

"இல்லண்ணே. அது வாசல்."

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். மூன்றாவது பட்டியல். ஏழாவது வரியில் அக்காவின் கையெழுத்தில் இருந்தது: கிழக்குச் சுவர், மேலே, காற்று கசிகிறது. டேம்பரின் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நூலளவு கசிவைத்தான் அவள் எழுதியிருந்தாள். சட்டம் என்று எழுதவில்லை. படமும் போடவில்லை. அவருடைய குச்சி நூல் அந்தத் தகரங்களுக்கு முன்னால் ஆடியிருக்கிறது. இதுதான் பெரிய ஓட்டை என்று அறையின் உள்பக்கமாக இரண்டு பலகை வைத்து அடைத்து, பூசி, சுவரோடு சுவராக வர்ணமும் அடித்துவிட்டார்.

அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மூன்று தடவை ஃபெயில் ஆக்கிய தலைக்கனம் அவள் முகத்திலிருந்து இறங்குவதைப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. தங்கை பார்த்தாள்.

"இவரு ஒண்ணும் தப்புப் பண்ணல. நான் எழுதினதச் செஞ்சிருக்காரு" என்று அக்கா கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

பூச்சுக்காரர் அதற்குள் திரும்பி நடந்திருந்தார். வராந்தாவிலிருந்து ஏணி இழுபடும் சத்தம் வந்தது. யாரைக் கேட்டு ஏறுகிறாய் என்று கடிகாரம் பின்னாலேயே ஓடினார். பூச்சுக்காரர் ஏணியின் மூன்றாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அடைக்கும்போது யாரையும் கேக்கலயே சார்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. கடிகாரம் ஒதுங்கி நின்றார்.

அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கிரில் கழன்று வந்தது. பூச்சுக்காரர் தகரத் தடுப்பைத் தூக்கிக் கையை விட்டார். முழங்கை வரை போக வேண்டிய கை மணிக்கட்டோடு நின்றது. அவர் கீழே அக்காவைப் பார்த்தார். அடைப்பைச் சுற்றிலும் ஈரத்துணியை ஒட்டிவிட்டு, சின்ன ரம்பத்தால் தன் வேலையைத் தானே அறுத்தார். நல்ல வேலை. லேசில் வரவில்லை. இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே ஒரு சிட்டிகைத் தூசி விழவில்லை. கடைசிப் பலகையை வெளியே எடுத்தபோது தகரங்கள் அவர் முகத்துக்கு எதிரே சட்டென்று தட்டின. அக்கா ஏணியை விட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தூசிதான் என்றாள். யாரும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு வாயு திறக்க ஏற்பாடாயிற்று. அக்கா மறுபடி நாலாம் நம்பருக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் கூப்பிடாமலே பூச்சுக்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார். சலவைச் சட்டை முழுக்க வெள்ளைத் தூள்.

மணி அடித்தது. பிறகு சுவருக்குப் பின்னால் ஒரு ரயில் நேராக முதுகைப் பார்த்து வருகிற மாதிரி சத்தம். சுவர் நடுங்கியது. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் அது தெரிந்தது. வராந்தாவில் தகரங்கள் எகிறித் திறந்து, உள்ளே இருந்த காற்று மொத்தமும் வெளியே பாய்ந்து, யாரோ மேஜையில் வைத்திருந்த அன்றைய நிகழ்ச்சித் தாளை மாடிப்படி வரை கொண்டுபோய்ப் போட்டது. கூரையிலிருந்து கொஞ்சம் தூள் தங்கையின் தலையில் உதிர்ந்தது. அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தங்கையின் கையைப் பிடித்தாள். தங்கையின் இன்னொரு கை தட்டச்சு செய்துகொண்டே இருந்தது. போனில் இருந்தவர் அது என்ன சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும்.

"எங்க பக்கம் கொஞ்சம் காத்து, அவ்வளவுதான். நீங்க சொல்லுங்க, அவரு கண்ணத் திறக்குறாரா? வண்டி உங்க தெருவுக்குள்ள வந்தாச்சு."

ஒரு நிமிஷத்தில் சத்தம் அடங்கியது. தகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. சுவர் நின்ற இடத்தில் நின்றது. உள்ளே ஆக்சிஜன் அளக்கும் கருவி பன்னிரண்டு புள்ளி எட்டு என்று காட்டியது. பத்தாவது நிமிஷம் பன்னிரண்டு புள்ளி ஒன்பது. மேலிடத்து ஆட்கள் கைதட்டிவிட்டு, காதில் பஞ்சோடு கிளம்பிப் போனார்கள். பூச்சுக்காரர் போகவில்லை. அறைக் கதவின் கண்ணாடிக்கு வெளியே நின்று கருவி காட்டிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது நிமிஷமும் வாயு உள்ளேதான் இருந்தது. தங்கை எழுந்து போய் அவர் கையில் ஒரு கோப்பை டீயைக் கொடுத்துவிட்டு வந்தாள். அக்காவுக்கும் ஒன்று கொடுத்தாள். கிள்ளின இடம் சிவந்திருக்கா என்று கேட்டாள். கறுத்தே போயிருக்கும் என்றாள் அக்கா. நல்லது என்றாள் தங்கை.

கடிகாரம் இப்போது இளகியிருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, சனிக்கிழமைத் தாளே ஃபைலில் இருக்கட்டும், அதில் பாஸ் என்றுதானே இருக்கிறது, நடுவில் நடந்ததை எதற்குக் கிளற வேண்டும் என்று சொன்னார். அக்காவின் போன் அடித்தது. முதலாளி. அவருக்கும் இதே யோசனைதான் இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள். பாஸ் என்ற வார்த்தையின் மேல் இரண்டு கோடு போட்டாள். கீழே எழுதினாள்: டேம்பர் அடைபட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பட்டியலில் சரியாக எழுதாததும் என் தப்பு. திங்கட்கிழமை காலை திறந்து, வாயு விட்டுப் பார்த்து, பாஸ்.

"இப்படி எழுதிக் குடுத்தா அடுத்த அறைக்கு உன்ன யாரும்மா கூப்பிடுவாங்க?"

"கூப்பிட மாட்டேங்கிறவங்க அறையில என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுக்குவேன் சார்."

பூச்சுக்காரர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். அக்கா எழுதியதன் கீழே, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, அடைத்தது நான், திறந்தது நான் என்று எழுதினார். பேரையும் போட்டார். தாளில் இன்னும் ஒரு கையெழுத்துக்கு இடம் இருந்தது.

அக்கா பேனாவைக் கடிகாரத்திடம் நீட்டினாள். அவர் மணிக்கட்டைத் திருப்பினார். போன் கவிழ்ந்தபடியே மேஜையில் அதிர்ந்துகொண்டிருந்தது. அக்கா நீட்டிய கையை இறக்கவில்லை.